நெடும்பயணத்துக்குப் பஸ்ஸா, ரயிலா? கழிப்பறையை வைத்து ஒரு கணக்கு

நீண்ட பயணத்துக்கு டிக்கெட் எடுக்க உட்காரும்போது நேரத்தைப் பார்க்கிறோம், கட்டணத்தைப் பார்க்கிறோம், ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்று பார்க்கிறோம். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கேள்வியை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுகிறோம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். கேட்டாலும் ‘நடுவில் நிறுத்துவார்கள்’ என்ற பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். அதை நம்பி ஏறிவிட்டு, பாதி வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். கிளம்புவதற்கு முந்தைய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்களையும் முதியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பயணம் என்றால் தாகத்தோடு போவதுதான் முறை என்று அவர்களை நம்பவைத்துவிட்டோம். எனக்கு இது பொறுக்கவில்லை. ஆகவே பஸ், ரயில் இரண்டையும் இந்த ஒன்றை மட்டும் முன்னால் வைத்து ஒப்பிடுகிறேன்.

‘வண்டியில் கழிப்பறை இருக்கிறதா?’ என்பது பாதிக் கேள்விதான். ஒரு கழிப்பறையை விட்டால் அடுத்தது எவ்வளவு நேரத்தில் உறுதியாகக் கிடைக்கும், அப்படிப்பட்ட இடைவெளிகளில் மிக நீளமானது எது என்பதே முழுக் கேள்வி. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டரை மணிக்கு ஒருமுறை தவறாமல் நிற்கும் பஸ், ஐந்து மணி நேரப் பயணத்தில் எங்குமே நிற்காத பஸ்ஸைவிடச் சுகமானது. கழிப்பறை இருந்தும் பூட்டிக் கிடந்தால், தண்ணீர் வராவிட்டால், கூட்டத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர முடியாவிட்டால், அது இல்லாத கணக்குதான். பயணத்தின் மொத்த நேரத்தை மறந்துவிட்டு இந்த நீண்ட இடைவெளியைக் கண்டுபிடித்தால், முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

உடல் எவ்வளவு நேரம் தாங்கும்

வயது வந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அது பாதி நிரம்புவதற்குள்ளேயே முதல் உணர்வு தட்டிவிடும். நாளொன்றுக்கு 1 முதல் 2 லிட்டர் வரை சிறுநீர் பிரிகிறது; பகலில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும். ஆரோக்கியமானவர்கள் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போவது இயல்பு. கிளம்பும் அவசரத்தில் காபியோ தேநீரோ குடித்துவிட்டு ஏறினால் அந்த மூன்று மணி நேரம் சுருங்கிவிடும்.

இது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. கர்ப்பிணிகளின் சிறுநீர்ப்பையைக் கருப்பை அழுத்திக்கொண்டிருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெரிதாகி, சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. போய்விட்டு வந்து உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே மறுபடி முட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சிறுநீரின் அளவே அதிகம். இரத்த அழுத்தத்துக்கோ இதயக் கோளாறுக்கோ நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, மாத்திரை போட்ட முதல் சில மணி நேரம் அடக்கவே முடியாது. குரோன் நோய், பெருங்குடல் புண் போன்ற குடல் கோளாறு உள்ளவர்கள் மணிக்கணக்குப் போடுவதில்லை. அவர்களுக்கு அது நிமிடக் கணக்கு.

குடும்பமாகப் போகும்போது குழுவில் யாரால் மிகக் குறைந்த நேரம் தாங்க முடியுமோ, அவருடைய நேரமே அனைவருக்கும் அளவு. ‘எனக்குப் பிரச்சினை இல்லை’ என்று வீட்டில் வலுவாக இருப்பவர் டிக்கெட் எடுத்துவிடுவதால் வரும் துன்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கழிப்பறை இல்லாத பஸ்

இதில் எல்லாமே ஓட்டுநர் எப்போது நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. அவர் எப்போது நிறுத்துகிறார் என்பதோ, பெரும்பாலும் அவருடைய ஓய்வு விதியைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 என்ற ஒழுங்குமுறைப்படி, நாலரை மணி நேரம் ஓட்டிய ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அதை 15 நிமிடம், 30 நிமிடம் என்று இரண்டாகப் பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பயணிகள் வண்டி ஓட்டுபவர் எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். இந்த விதிகள் எல்லாம் ஓட்டுநரின் களைப்பை எண்ணி எழுதப்பட்டவை. நாலரை மணி நேரம் என்பது ஓட்டுபவரின் கண்ணுக்கும் கைக்கும் சரியாக இருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணியின் சிறுநீர்ப்பையை அந்த விதியில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘இரண்டு ஓட்டுநர்கள்’ என்று விளம்பரம் செய்யும் பஸ் பாதுகாப்பானது, நேரத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒருவர் களைத்ததும் மற்றவர் இருக்கையில் ஏறிக்கொள்வதால், நீண்ட நேரம் நிறுத்த வேண்டிய கட்டாயம் குறைந்துவிடுகிறது. கழிப்பறை இல்லாத பஸ்ஸில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால், எங்கே, எத்தனை நிமிடம் நிற்கும் என்பதைக் கேட்காமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

நிறுத்தம் ஒழுங்காக இருந்தால் இந்த வகைப் பஸ் மோசமில்லை என்பது என் கருத்து. இறங்கி நடக்கலாம், கால் நீட்டலாம், நிலையான தரையில் நின்று கை கழுவலாம். ஆடாத, ஓரளவு விசாலமான கழிப்பறை கிடைப்பது பெரிய நிம்மதி. உடல்நலத்தோடு இருப்பவர்கள் இரண்டரை, மூன்று மணிக்கு ஒருமுறை நிற்கும் பஸ்ஸைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ‘பத்து நிமிடம்’ என்று அறிவிக்கும்போது அந்தப் பத்து நிமிடம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். ஒருமுறை அம்மாவோடு அப்படி ஒரு பஸ்ஸில் போனேன். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. நடைவழியில் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து, உயரமான படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, விளக்கு மங்கிய வாகன நிறுத்தத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது, பெண்கள் பக்கத்தில் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர்கூடக் காத்திருக்கவில்லை. நான் நடத்துநரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்; ‘பரவாயில்லை தம்பி, அம்மா மெதுவாக வரட்டும்’ என்று சொன்னார். ஆனால் அதற்குள் ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார், யாரோ ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா வரிசையிலிருந்து விலகித் திரும்பி வந்துவிட்டார். ‘ஒன்றுமில்லை, அவ்வளவு அவசரம் இல்லை’ என்றார். அடுத்த நிறுத்தம் மூன்று மணி நேரம் கழித்து.

அட்டவணையில் அந்த இடத்தில் நிறுத்தம் என்று போட்டிருந்தது; நிறுத்தவும் செய்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அந்த நிறுத்தம் கிடைக்கவில்லை. ஆகவே முதியவரை அழைத்துப்போனால் நிறுத்தத்தின் நீளத்தையும் கேளுங்கள். 15 நிமிடத்துக்குக் குறைந்த நிறுத்தத்தை அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். முன்பக்க இருக்கை வாங்குங்கள். முதலில் இறங்குபவர் வரிசையிலும் முதலில் நிற்பார். ஏறும்போதே நடத்துநரிடமோ ஓட்டுநரிடமோ, ‘இவர் மெதுவாகத்தான் நடப்பார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கடைசி நேரத்தில் ஓடிவந்து கெஞ்சுவதைவிட அது பலமடங்கு பலன் தரும்.

கழிப்பறை உள்ள பஸ்

விளம்பரத்தில் ‘கழிப்பறை வசதி’ என்று பார்த்ததும் மனம் இளகிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. பின்கோடியிலோ, நடுக் கதவை ஒட்டி இரண்டு படி கீழேயோ ஒரு சிறிய அறை. கதவைச் சாத்தினால் முழங்கால் இடிக்கும். ஒரு கை கைப்பிடியைப் பற்றியிருக்க வேண்டும், மற்றொரு கையால்தான் உடையைச் சரிசெய்ய வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது தோள் சுவரில் மோதும். கிண்ணத்துக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு திரவம் தளும்பும். நாற்றத்தை அடக்கவும் கிருமிகளைக் கட்டுப்படுத்தவும் ஊற்றும் ரசாயனக் கலவை அது. கை கழுவத் தண்ணீர் இருப்பது அரிது. சானிட்டைசர் இருந்தால் அதுவே பெரிது. தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்து பழகியவர்கள் ஒரு சிறிய பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் தரை நனைந்துவிடும். அடுத்து வரும் பெண்ணோ குழந்தையோ அந்த ஈரத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவு சிறியது. வழியில் காலி செய்வது கடினம், பெரும்பாலும் பணிமனையில்தான் முடியும். ஆகவே சில நிறுவனங்கள் சிறுநீருக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிவிடுகின்றன, சில பூட்டியே வைத்துவிடுகின்றன. இருக்கிறது என்று நம்பி ஏறுபவருக்குப் பூட்டிய கழிப்பறையைப் போன்ற கொடுமை கிடையாது. இல்லை என்று முன்பே தெரிந்தால் அவர் வேறு ஏற்பாட்டோடு வந்திருப்பார்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது விழும் ஆபத்து. ஓடும் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழுந்து நடப்பது, திடீர் பிரேக் போட்டால் முன்னால் தூக்கி எறியப்படும் நிலை. சமநிலை தடுமாறும் முதியவர், எலும்பு தேய்மானம் உள்ளவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோர் ஓடும் பஸ்ஸின் கழிப்பறையை நம்பிப் பயணம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர்களுக்கு நல்ல நிறுத்தங்கள் உள்ள பஸ்ஸே மேல்.

அப்படியென்றால் இந்தப் பஸ் யாருக்கு? நன்றாக நடமாடக்கூடிய, ஆனால் அடிக்கடி போக வேண்டியிருக்கும் ஒருவருக்கு. குடல் கோளாறு உள்ள இளைஞருக்கு, அந்தச் சிறிய அறை இருக்கிறது என்ற நினைப்பே பாதி நோயைத் தணிக்கும். பதற்றமே வயிற்றைக் கலக்கும் நோய் அது. போக்குவரத்து நெரிசலில் வண்டி மணிக்கணக்கில் நின்றுவிட்டாலும் இந்தப் பஸ்தான் காப்பாற்றும். இருக்கையை மட்டும் பார்த்து எடுங்கள். கழிப்பறைக்கு இரண்டு வரிசை தள்ளி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்தால் குலுக்கலும் குறைவு, வாடையும் குறைவு. பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் கடைசி வரிசை எல்லாவற்றிலும் மோசம்.

ரயில்

நீண்ட பயணத்துக்கு ரயில்தான் சிறந்தது என்பது பொதுவான எண்ணம். நானும் அதையே சொல்வேன். நெடுந்தூர ரயிலில் பெரும்பாலும் ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட கழிப்பறைகள் இருக்கும். ஒன்று பழுதானாலும் அடுத்த பெட்டிக்கு நடந்து போகலாம். நடைவழியில் பிடித்துக்கொள்ள இடமுண்டு. யாரிடமும் ‘நிறுத்துங்கள்’ என்று கேட்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வசதிதான் முதன்மையானது. முன்பின் தெரியாத ஒரு ஓட்டுநரிடம், அத்தனை பயணிகள் காதில் விழும்படி, தன் உடலின் தேவையைச் சொல்லி அனுமதி கேட்கும் நிலை ரயிலில் இல்லை.

ஆனால் எல்லா ரயில் கழிப்பறைகளும் ஒன்றல்ல. பழைய வகையில் கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தக் கூடாது என்ற விதி அதனால் வந்தது. புதிய பெட்டிகளில் கழிவைத் தொட்டியில் சேர்ப்பார்கள், அல்லது இந்திய ரயில்வேயின் பயோ டாய்லெட் போல, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களை வைத்துத் தொட்டிக்குள்ளேயே மக்கவைப்பார்கள். பெட்டியில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி வகையாக இருந்து தடை அறிவிப்பும் இல்லையென்றால், முதியவர்களுக்கு மிகச் சிறந்த நேரம் ரயில் நிலையத்தில் நிற்கும் நேரம்தான். பழைய விதி மனத்தில் பதிந்துபோய், பாதுகாப்பாக நிற்கும் வண்டியில் காத்திருந்துவிட்டு, வேகமெடுத்த பிறகு தள்ளாடிக்கொண்டு எழுந்து போகிறார்கள். ரயில் ஒரு நிலையத்தை நெருங்கும்போதும் விட்டுக் கிளம்பும்போதும் தண்டவாளம் மாறும் இடத்தில் பெட்டி பக்கவாட்டில் சட்டென்று வெட்டி இழுக்கும்; எழுந்து நிற்கக் கூடாத நேரம் அதுதான்.

வேக்குவம் வகை இப்போது பரவலாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் சத்தத்தோடு உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரோ அதற்கும் குறைவோ தண்ணீர் போதும். அந்தச் சத்தத்துக்குச் சிறு பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள், அவர்களை முதலில் வெளியே நிறுத்திவிட்டு அழுத்துங்கள். இந்த வகைக்கு மின்சாரமும் அழுத்தப்பட்ட காற்றும் வேண்டும். பெட்டியில் மின்சாரம் போனால் அங்குள்ள கழிப்பறைகள் மொத்தமாகச் செயலிழந்துவிடக்கூடும். தொட்டி நிரம்பினாலும் பயன்பாட்டை நிறுத்திவிடுவார்கள். நாப்கினையும் டயாப்பரையும் பாட்டிலையும் உள்ளே போட்டு அடைப்பவர்களால், பின்னால் வரும் நூறு பேர் தவிக்கிறார்கள். ஒரே ஒரு நாப்கின் ஒரு கழிப்பறையையே முடக்கிவிடும் என்று தெரிந்தால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. ரயிலின் கழிப்பறை, புறப்படும் இடத்தில் சுத்தமாக இருக்கும்; போகப் போகத் தேயும். தண்ணீர் குறையும், குப்பைத் தொட்டி நிரம்பும், ஒன்றிரண்டு பூட்டிவிடும். இரண்டு நாள் ஓடும் ரயிலில் கடைசி ஆறு மணி நேரத்துக்கு ஏறுபவருக்குக் கிடைப்பது, அதுவரை இரண்டு நாள் பயன்பட்ட கழிப்பறை. ஒரே ஊருக்கு இரண்டு ரயில்கள் இருந்தால், உங்கள் ஊரிலிருந்தே புறப்படும் ரயிலை எடுங்கள், அது ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் சரி.

ரயில் தோற்கும் இடம் கூட்டம். முன்பதிவு இல்லாத பெட்டியில் நடைவழியிலும் கழிப்பறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, பத்தடி தூரத்தில் உள்ள கழிப்பறை கைக்கு எட்டாத தூரமாகிவிடும். எழுந்து போனால் இடம் போய்விடும் என்ற பயம் வேறு. அப்படிப்பட்ட பெட்டியில் இருக்கும் கழிப்பறைகளைவிட, மூன்று மணிக்கு ஒருமுறை நிற்கும் பஸ்ஸின் நிறுத்தம் உறுதியானது. ரயிலா பஸ்ஸா என்று கேட்டால், முன்பதிவு செய்த ரயில் இருக்கை என்பதே என் பதில்; முன்பதிவு கிடைக்காவிட்டால் பதில் மாறிவிடும்.

இரவில்

பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்ததும் அந்த நீர் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராக வெளியேறும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு, ரயிலில் படுக்கையில் சாய்ந்த சில மணி நேரத்தில் அவசரம் வருவது இதனால்தான். ‘தூங்கப் போகும் முன்தானே போனேன்’ என்று திகைக்க வேண்டாம். அவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கட்டாயம் வேண்டும். கழிப்பறைக்கு மிக அருகிலும் வேண்டாம், பெட்டியின் நட்டநடுவிலும் வேண்டாம். கதவுச் சத்தம் காதில் விழாத, ஆனால் இருட்டில் பத்துப் பதினைந்து எட்டில் போய்விடக்கூடிய இடம் நல்லது. மாலையில் ரயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால், அந்த நீரில் ஒரு பகுதி வீட்டிலேயே இறங்கிவிடும்.

இரவுப் பஸ்ஸில் தொல்லை வேறு மாதிரி. நள்ளிரவில் நிற்கும்போது தூக்கக் கலக்கத்தில் எழுவதா வேண்டாமா என்று தோன்றும். எழாமல் விட்டால் ஒரு மணி நேரம் கழித்து விழிப்பு வரும், அடுத்த நிறுத்தம் விடியலில். ஆகவே இரவு நிறுத்தம் எதையும் விடாதீர்கள். அவசரம் இருக்கிறதோ இல்லையோ இறங்கிவிடுங்கள். பஸ்ஸின் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘இறங்குகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகும் பெண்கள், நிறுத்தம் ஆளரவமற்ற இடத்தில் இருக்குமா, வெளிச்சம் இருக்குமா என்ற கவலையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு, கட்டணம் கூடினாலும், இரவுக்கு ரயில்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

துணை தேவைப்படுபவர்கள்

இந்த இடத்தில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. பஸ் நிற்கும் இடத்துக் கழிப்பறை ஆண், பெண் என்று பிரிந்திருக்கும். வயதான தாயை அழைத்துவரும் மகன் பெண்கள் பக்கம் வாசலோடு நின்றுவிட வேண்டும். மறதி நோய் வந்த கணவரை அழைத்துவரும் மனைவிக்கும் அதே நிலை. உள்ளே அவர் வழுக்கி விழுந்தாரா, தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் நிற்கிறாரா என்று தெரியாது. ரயில் கழிப்பறை பெரும்பாலும் இருபாலருக்கும் பொதுவானது. மகன் கதவருகே நிற்கலாம், தேவைப்பட்டால் உள்ளேயும் வரலாம். பராமரிப்பவர்களுக்கு இதுபோன்ற நிம்மதி வேறில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சட்டமும் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1300/2014 ஒழுங்குமுறை, ரயில்களில் சக்கர நாற்காலியோடு நுழையக்கூடிய கழிப்பறைக்கான அளவுகளை வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் நெடுந்தூரப் பஸ்ஸுக்குச் சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி வேண்டும் என்று விதி இருக்கிறது. பஸ்ஸுக்குள் இருக்கும் கழிப்பறை அவர்கள் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாக, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நிற்காமல் ஓடும் பஸ்ஸில் அப்படிப்பட்ட பயணி நிறுத்தச் சொன்னால், நிறுவனம் நல்லெண்ணத்தோடு முயல வேண்டும், நிறுத்த முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் அவசரம் அடங்கிவிடுமா? இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

பெரிய ரயில் கழிப்பறைகளில் ஒரு சங்கடம் உண்டு. வளைந்து நகரும் தானியங்கிக் கதவு. உள்ளே போய் ‘மூடு’ பொத்தானை அழுத்தினால் கதவு மூடும், ஆனால் பூட்டாது. பூட்டுவதற்குத் தனிப் பொத்தானோ தனிக் கைப்பிடியோ இருக்கும். அதை அழுத்தி, விளக்கு மாறியதைப் பார்த்த பிறகே உட்கார வேண்டும். பூட்டாமல் விட்டு, வெளியே ஒருவர் பொத்தானை அழுத்தினால் கதவு மெல்ல, முழுவதுமாகத் திறந்துகொண்டே போகும். எட்டிப் பிடித்து மூடவும் முடியாது. பார்வை மங்கியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை முதலிலேயே கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். மாதவிடாய் நாட்களில் போகும் பெண்களுக்கும் அதுவே. நாப்கின் மாற்றப் பஸ் கழிப்பறையில் இரண்டு கையும் வேண்டும், ஒரு கையோ கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருக்கும். பஸ்தான் வழி என்றால், நாப்கினுக்கும் உள்ளாடைக்கும் சேர்த்து ஒரு தனிப் பை, பயன்படுத்தியதைச் சுற்றிவைக்கக் காகிதம், ஈரத் துடைப்பான் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு அறையில் போட்ட பெட்டிக்குள் இருக்கும் நாப்கின் உதவாது.

தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாமா

கூடாது. தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்த்தியாகி, பையின் உட்சுவரை எரிச்சல்படுத்தி, குறைந்த அளவிலேயே அவசரத்தை உண்டாக்கும். நீண்ட நேரம் அடக்குவதும் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி பிறக்கும். பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் குட்டையானது, கிருமி எளிதில் ஏறிவிடும். மலச்சிக்கல் தனி.

அதோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதன் ஆபத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, விமானமோ ரயிலோ பஸ்ஸோ காரோ, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அப்போதும் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்காகத் தண்ணீரையும் விட்டு, இருக்கையை விட்டும் எழாமல் இருப்பவர், அந்த ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். எழுந்து போவதே உடலுக்கு மருந்து.

வேண்டுமானால் ஒழுங்குபடுத்துங்கள். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிக்காமல், அரை மணிக்கு இரண்டு மிடறு. கிளம்பும் முன் காபி, தேநீர், நுரைக்கும் பானங்கள் வேண்டாம். நீர் பிரியும் மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். பலருக்கு நேரத்தை மாற்றித்தர முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உறிஞ்சும் பொடி அடங்கிய சிறுநீர்ப் பை, பெண்கள் நின்றபடி பயன்படுத்தும் புனல், பெரியவர்களுக்கான டயாப்பர் எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பையில் வைத்திருப்பதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. பயன்படாமல் திரும்பி வந்தாலும், பயணம் முழுவதும் தைரியம் கொடுத்திருக்கும்.

என் தேர்வு

மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு எது வசதியோ அதில் போங்கள். கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வந்தால் போதும். மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை, ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல நிறுத்தங்கள் உள்ள பஸ் போதுமானது. அதில் கழிப்பறை இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், இரவானால், முதியவரோ கர்ப்பிணியோ குழந்தையோ உடன் வந்தால், முன்பதிவு செய்த ரயில். ரயில் கிடைக்காமல் முதியவரோடு பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால், ஒரே மூச்சில் போகும் வண்டியை விட்டுவிட்டு, பயணத்தை இரண்டு பஸ்ஸாக உடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பெரிய பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் ஆற அமர இருந்து, அடுத்ததில் ஏறுங்கள். இரண்டு டிக்கெட் எடுப்பது வீண் செலவு என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முன்பதிவு செய்யும் முன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். எங்கெங்கே நிற்கும், எத்தனை மணிக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், வண்டிக்குள் கழிப்பறை இருந்தால் அது திறந்திருக்குமா, தண்ணீர் இருக்குமா. ‘அதெல்லாம் இருக்கும்’ என்ற பதில் வந்தால் இன்னொரு முறை, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்போதும் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லத் தெரியாதவர்களின் பஸ்ஸில், உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஏற்றாதீர்கள்.